மகாராஜாவைக் காணவில்லை

ஜூன் 15, ஞாயிறு

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு சடங்கு வீடு. 'தங்கப்பழம் ஒலி-ஒளி சாம்ராஜ்யம்' தன் முழுப் படையோடு போய் இறங்கியது. படை என்றால் ஒரு லோடு ஆட்டோ, நாலு பாக்ஸ், சில குழாய் ஸ்பீக்கர்கள், சக்கரவர்த்தியாகிய நான், அப்புறம் என் தங்கச்சி பேச்சித்தாயின் மகன் மகாராஜா. சங்கரன்கோவிலில் நான் செட்டைப் போட்டால் இலங்கையில் காதைப் பொத்திக்கொள்கிறார்கள் என்று நானே ஊருக்குள் பரப்பிவைத்திருக்கிறேன். சிலபேர் நம்பியும் தொலைத்துவிட்டார்கள்.

தாய்மாமன் சீர் வரும்போது மைக்கைப் பிடித்து, "வழி விடுங்கள், சீர்வரிசை வருகிறது! முதல் தட்டு வாசலுக்கு வந்துவிட்டது, கடைசித் தட்டு இப்போதுதான் மதுரையில் பஸ் ஏறுகிறது!" என்றேன். கூட்டம் சிரித்தது. சீர் கொண்டுவந்த மாமனே தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

மகாராஜா மட்டும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு நின்றான். திரும்பும்போது ஆட்டோவில் சொன்னான்: "பொய் சொல்லிப் பிழைக்கதுல நீரும் கவர்மெண்டும் ஒண்ணு மாமா."

"ஏலே, கவர்மெண்டு பொய்க்கு எவன் கைதட்டுதான்? எனக்குத் தட்டுதான்லா!"

அதற்கும் சிரிப்பு இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு இந்தச் சித்திரையில்தான் திரும்பி வந்தான். இருபத்தாறு வயது. காதில் எந்நேரமும் அந்த வெள்ளைக் குமிழ். பாட்டுக் கேட்கிறவனுக்குத் தலையாவது ஆடும். இவன் தலை ஆடுவதில்லை.

ஜூன் 18

ஆம்ப்ளிபையர் புகைந்தது. ஆசிப் கடையில் கொடுத்திருக்கிறேன். ஆசிப் கடையநல்லூர்க்காரன். செத்துப்போன செட்டை எழுப்பி உட்காரவைத்து அதன் வாயில் டீயும் ஊற்றிவிடுவான்.

ஜூன் 22, ஞாயிறு

பேச்சி வந்தாள். குருவிகுளத்துக்கும் அந்தப் பக்கம் அவள் ஊர். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள் என்றால் ஏதோ கனமான சங்கதி.

"அண்ணாச்சி, ரேஷன் கார்டை எரிச்சுட்டான்" என்றாள்.

என் மனைவி சுமதி காப்பி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். ரேஷன் கார்டு, ஆதார், ஓட்டு அட்டை எல்லாவற்றையும் அடுப்பில் வைத்திருக்கிறான் மகாராஜா. "இதெல்லாம் அடிமைச் சீட்டுங்கான். இனிமே நாம இந்தக் கவர்மெண்டுக்கு ஆளு இல்லையாம். அவன் சொல்லிட்டுப் போயிட்டான். கடையில பருப்பு கேட்டா நான் என்னத்தக் காட்டுவேன்?"

"சரி விடு, தனி நாடு பிரிச்சுட்டான். நீ இப்போ ராஜமாதா. எனக்கு ஒரு மந்திரி பதவி கேட்டு வாங்கு" என்றேன். பேச்சி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்தால் சுமதி சொல்கிறாள்: "எல்லாத்துக்கும் உங்ககிட்ட ஒரு சிரிப்பு இருக்கு. அவன்கிட்ட என்ன இருக்குன்னு போய்க் கேளுங்க."

ஜூன் 29, ஞாயிறு

கேட்டேன். கோடவுனில் இரண்டுபேரும் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

போனில் ஒரு குழு. பெயர் 'மண்ணின் சபை'. இந்த அரசாங்கம் செல்லாதாம். அது ஒரு கம்பெனியாம், நம்மையெல்லாம் அடகு வைத்திருக்கிறதாம். சபைக்குத் தனி அடையாள அட்டை உண்டு, தனித் தீர்ப்பு உண்டு. அட்டையைக் காட்டினான். போட்டோவில் என் மருமகன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான். அப்படி அவன் நின்று நான் பார்த்ததில்லை.

"இதுக்கு முத்திரை குத்துனது யாருலே?"

"ஐயா."

"ஐயாவப் பாத்திருக்கியா?"

"குரல் கேட்டிருக்கேன்."

எனக்கு வாயில் வந்தது, 'குரலை நம்பாதே, நான் குரலை வைத்துத்தான் இருபது வருஷமாக ஊரை ஏமாற்றுகிறேன்' என்று. சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்து அவன் ஒன்று சொன்னான்.

"அங்க எல்லாரும் என்னைய 'நீங்க'ன்னு கூப்பிடுதாங்க மாமா."

பாக்ஸைத் துடைத்தேன். அவன் அப்பா, மாப்பிள்ளை ஆறுமுகச்சாமி ஞாபகம் வந்தது. மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு அவருக்கு. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பட்டா மட்டும் வேறு யாரோ பேருக்கு மாறிவிட்டது; உழுது விதைத்தது என்னவோ இவர்கள்தான். எப்படி என்று கேட்டவருக்கு எவரும் பதில் சொல்லவில்லை. ஆறு வருஷம் நடந்தார். 'ஏய், தள்ளி நில்லு', 'நாளைக்கு வா', 'ஆள் லீவு'. சில நாள் மகனையும் கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் அந்த ஆபீஸ் வளாகத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கையில் மனு இருந்தது. (எந்த ஆபீஸ் என்று டைரியில்கூட எழுத மாட்டேன். ஊரில் அதற்கு வேப்பமரத்து ஆபீஸ் என்று பேர், அது போதும்.)

அப்போது மகாராஜாவுக்கு இருபது. அன்றைக்கு அவனிடம் யாராவது உட்கார்ந்து பேசினோமா? காரியம் முடிந்தது, திருப்பூருக்கு பஸ் ஏற்றிவிட்டோம்.

ஜூலை 6, ஞாயிறு

அவன் சாப்பிடப் போனபோது போனை வைத்துவிட்டுப் போனான். ஐயாவின் குரலை ஒரு நிமிஷம் கேட்டேன்.

பொறாமையாக இருந்தது. சத்தியமாக. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எல்லாம் தெரிந்தவன். "உங்கள் தகப்பனைக் கொன்ற நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது" என்கிறான். யார் தகப்பன் என்று சொல்லவில்லை. கேட்கிற ஒவ்வொருத்தனும் தன் தகப்பன் என்று நினைத்துக்கொள்வான்.

நானும் கதை அளக்கிறேன், அவனும் அளக்கிறான். நான் அளந்தால் கடைசியில் எல்லாரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவன் அளந்ததைக் கேட்டு ஒருத்தன்கூடச் சிரித்திருக்க மாட்டான்.

போனை இருந்த இடத்திலேயே வைத்தேன். 





ஜூலை 21, திங்கள்

கோமதி அம்மன் தவமிருந்து சாமியின் காட்சி பெறும் ஆடித் தபசுக்கு ஆர்டர் நமக்குத்தான். ரத வீதி நாலிலும் குழாய் கட்ட வேண்டும். போலீஸ் உதவி மையத்தில் மைக், காணாமல்போன பிள்ளைகளுக்கு அறிவிப்பு. அகில உலகப் புகழ் தங்கப்பழத்துக்கு வருஷத்துக்கு ஒருதடவை வரும் முடிசூட்டு விழா.

மகாராஜா தானாகவே வந்து, "வேப்பமரத்து ஆபீஸ் மூலையில ஒரு குழாய் கட்டணும் மாமா. அங்கன சத்தம் கேக்காது" என்றான். அங்கே கட்டி யாருக்கு என்று கேட்டேன். "நான் கட்டுதேன், உமக்கென்ன" என்று ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு குழாய் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? வெயில் தாழ்ந்துதான் வந்தான்.

அப்பா செத்தபிறகு அந்தத் தெருப்பக்கமே போகாதவன்.

ஜூலை 28, திங்கள்

கொடியேறிவிட்டது. பேச்சி ஆடிச்சுற்று சுற்ற வந்திருக்கிறாள். வெயிலில் கோவிலைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், வாயில் முணுமுணுப்போடு. "என்னட்டி வேண்டுத, கோமதி அம்மனுக்கே தலை சுத்திரும் போலிருக்கே" என்றேன். "அவன் ஒருவாட்டி சிரிச்சா போதும்" என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

 

கோடவுனில் ஆசிப் செட்டைச் சோதித்துக்கொண்டிருந்தான். பாட்டுப் போட்டுச் சோதிப்பதற்கு எப்போதும் மகாராஜாவின் போனைத்தான் புளூடூத்தில் சேர்ப்போம். அவன் போன் பக்கத்தில் வந்தாலே எங்கள் ஆம்ப்ளிபையர் நாய்க்குட்டி மாதிரி போய் ஒட்டிக்கொள்ளும். அது அவனுக்கு மறந்துவிட்டது. வெளியே நின்று, காதில் குமிழ் இருக்கிற நினைப்பில், தனக்குத்தான் கேட்கும் என்று ஐயா அனுப்பியதை அழுத்திவிட்டான்.

உள்ளே என் நாலு பாக்ஸிலும் ஐயா பேசினார்.

"ஆடி இருபத்திரண்டு. தபசுக் காட்சி நேரம். ஊரும் போலீசும் தெற்கு ரத வீதியில் நிற்கும். அந்த ஆபீஸில் ஒரு உயிர் இருக்காது. பழைய ஏடு எல்லாம் எரியட்டும். பை கொண்டுவருகிறவர் உங்களைத் தேடி வருவார், தம்பி மகாராஜா..."

அத்தோடு நின்றது. அவன் வாசலில் வந்து நின்றான். முகம் சாம்பல்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைதட்டினேன். "யாருலே இந்த ஆளு? குரல் கணீர்னு இருக்கே! நாடகக் கம்பெனியா? தபசுக்கு நம்ம மைக்ல ரெண்டு வார்த்தை பேசுவாரான்னு கேளு!" என்றேன். அவன் என்னையே பார்த்தான். கிறுக்கன் மாமா ஒன்றையும் பிடிக்கவில்லை என்று நம்பினானோ என்னவோ, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஆசிப் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, இப்பமே ஸ்டேஷனுக்குப் போம்."

"போனா பையன் வாழ்க்கை போச்சுவே."

"போகலைன்னா? உம்ம கோடவுன்ல, என் கையில திறந்து கிடக்க செட்ல, அந்தப் பேச்சு கேட்டிருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரை முதல்ல உள்ள தூக்கிப் போடுவாங்கன்னு உமக்கே தெரியும். உம்மையா, என்னையா?"

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கண்ணில் சிரிப்பு இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒரு உயிர் இருக்காதாம்! ஐயாவுக்கு எல்லாம் தெரியும், இது தெரியாது. மகாராஜாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

தபசன்று அந்த வேப்பமரத்தடியில்தான் பேச்சி பொங்குகிறாள். மாப்பிள்ளை கடைசியாக உட்கார்ந்த இடம் என்று, அவர் போன மறுவருஷத்திலிருந்து. ஒரு இலையில் அவருக்குப் படைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள். லீவு நாள், வாட்ச்மேனும் ஒன்றும் சொல்வதில்லை. நிழல் நன்றாக இருக்கிறது என்று அவள் ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டுபேர் கூடவே வந்துவிடுகிறார்கள். காட்சி நேரத்துக்கும் கிழவிகளும் கைக்குழந்தைகளும் அங்கேதான் படுத்துக் கிடக்கும்.

சாயங்காலம் பேச்சோடு பேச்சாக மருமகனிடம் சொன்னேன். "உங்க அம்மை இந்த வருஷமும் வேப்பமரத்து ஆபீஸ்லதாம்லே பொங்கப் போறா."

மகாராஜா சிரித்தான்! இந்த வருஷத்தில் முதல் சிரிப்பு. பேச்சி வேண்டிக்கொண்டது இப்படியா பலிக்க வேண்டும்?

"நல்லா அளக்கீரு மாமா. அம்மையா? அந்த மண்ணுலயா? அடுத்து ஆனை பறந்துச்சும்பீரு."

"நெசம்லே. சத்தியம்."

"நீரு சத்தியம் பண்ணாத நாளு எது?"

ஆகஸ்ட் 4, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு சங்கரசுப்பிரமணியன் எனக்குப் பழக்கம். "வாங்க சக்கரவர்த்தி" என்றார். குழாய் கட்டும் அனுமதி பற்றிப் பேசினேன். மழை பற்றிப் பேசினேன். அவர் மகளுக்குக் காலேஜ் கிடைத்ததைப் பற்றிப் பேசினேன். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சொல்லுடா தங்கப்பழம். வாய் திறந்தால் வானத்தைக் கிழிக்கிற வாய். ஒரு வரி. வரலியே.

சொன்னால் அவனைப் பிடிப்பார்கள். பேச்சி என் முகத்தில் முழிப்பாளா? சொல்லாவிட்டால்... எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பேச்சியையாவது நகர்த்திவிடலாம் என்று போனேன். "இந்த வருஷம் அங்கன பொங்க வேண்டாம்ட்டி. வெட்டு குத்து ஆவும்னு பேச்சு அடிபடுது" என்றேன்.

"போன வருஷம் இடி விழப் போவுதுன்னு எங்க எல்லாரையும் எழுப்பி விரட்டிட்டு அந்த நிழல்ல நீங்க கட்டையை நீட்டுனீங்களே, அது மாதிரியா?"

உண்மை. நீட்டினேன். நன்றாகத் தூங்கினேன்.

"பேச்சி, இது விளையாட்டு இல்ல. உன் மவன்..." என்று ஆரம்பித்தேன். அவள் முகம் மாறியது. "அவன்கிட்ட நான் அங்க பொங்குதத சொல்லிட்டீங்களா? நேத்து வந்து கேட்டான் அண்ணாச்சி. அந்த ஆபீஸுக்குப் போறியாம்மான்னு. கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. சொன்னா அங்கேயே வந்து கத்துவான். நான் எதுக்குலே அங்க போறேன், கோயில் மண்டபத்துல பொங்குதேன்னு சொல்லிட்டேன்."

பொய் சொல்லத் தெரியாதவள் என்று பேர் வாங்கியவள். வாழ்நாளில் ஒரு பொய். அதை இந்த ஒரு நாளைக்கா சொல்ல வேண்டும்? நான் உண்மையைச் சொன்னேன், அவள் பொய்யைச் சொன்னாள். அவன் யாரை நம்புவான்?

"அவன் அந்த ஆபீஸை எரிக்கப் போறான் பேச்சி" என்றேன். சொல்லிவிட்டேன்.

"எம் புள்ளையப் பத்தி இப்படியும் அளப்பீங்களா?" என்று எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மகாராஜா வீட்டில் இல்லை. கோடவுனில் இல்லை. போன் அணைந்து கிடக்கிறது. நானும் ஆசிப்பும் பஸ் ஸ்டாண்டு, பூ மார்க்கெட், லாட்ஜ் எல்லாம் தேடியாகிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி. காலை

நேற்று நடந்ததை நேற்று எழுத முடியவில்லை. ஒன்றும் கூட்டாமல் எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் நான் போலீஸ் உதவி மையத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். ஆசிப் பக்கத்தில் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெற்கு ரத வீதியில் கூட்டம் நெருக்கியது. பருத்தியும் மிளகாயும் கம்புமாக, காட்டில் விளைந்ததை மடியில் கட்டிக்கொண்டு, அதை அம்மன் முன்னால் அள்ளி வீசிச் சூறை விடச் சனம் வந்துகொண்டேயிருந்தது. நான் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இளையரசனேந்தல் காவியா, வயது நாலு, பச்சைப் பாவாடை. கிடைத்துவிட்டாள். அவள் அம்மா பிள்ளையை அடித்துவிட்டு முத்தம் கொடுத்தாள்.

அப்போதுதான் தோன்றியது. நான் கட்டிய குழாய் ஊர் முழுக்க இருக்கிறது. அவன் எந்தச் சந்தில் நின்றாலும் கேட்கும். வேப்பமரத்து ஆபீஸ் மூலையிலும் கேட்கும், அவனே கட்டிய குழாய்.

"குருவிகுளம் ஒன்றியத்திலிருந்து வந்த மகாராஜா என்பவரைக் காணவில்லை. வயது இருபத்தாறு. அவர் தாயார் பேச்சித்தாய் வேப்பமரத்து ஆபீஸ் வளாகத்தில் காத்திருக்கிறார்." மூன்று தடவை சொன்னேன். அடைமொழி ஒன்றும் போடவில்லை. ஆனால் சொல்லும்போதே தெரிந்தது. எங்கேயோ ஒரு சுவரோரம் நின்று, 'மாமா அளக்காரு' என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

பேச்சிக்குப் போன் போட்டேன். எடுத்தாள். "பேச்சி, என்னைய நம்ப வேண்டாம். உன் மவன் காலையில இருந்து சோறு திங்காம எங்கேயோ சுத்துதான். நீ பேசு, மைக்ல போடுதேன். எங்க இருக்கேன்னு சொல்லிக் கூப்பிடு. எனக்காக இல்ல, அவனுக்காக."

சோறு திங்கவில்லை என்பதை மட்டும் அவள் நம்பினாள்.

போனை மைக்கில் வைத்துப் பிடித்தேன்.

"ஏலே மகராசா... அம்மை பேசுதேன். நான் வேப்பமரத்து ஆபீஸ்லதாம்லே இருக்கேன். அப்பா உக்காந்த மரத்தடியில. அன்னைக்கு உங்கிட்ட பொய் சொல்லிட்டேன், ஏசாத. அப்பாவுக்குப் படைச்சாச்சு. உனக்கு எடுத்து வச்சிருக்கேன், ஆறிப் போவுது. வா மக்கா."

ஊரே அமைதியானது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆகவில்லை. பலூன்காரன் ஊதிக்கொண்டுதான் இருந்தான்.

ஏட்டு பக்கத்தில் நின்றார். "என்ன அண்ணாச்சி, இருபத்தாறு வயசுக் குழந்தையைக் காணோம்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. சொன்னேன், எல்லாவற்றையும். குரல், பை, நேரம், ஐயா. ஆசிப் குறுக்கே, "நானும் கேட்டேன் சார், எழுதிக்கோங்க" என்றான். அவன் அப்படிச் சொல்வான் என்று நான் நினைக்கவில்லை.

ஏட்டு வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் மைக்கை ஆசிப் கையில் கொடுத்துவிட்டு அவர் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்பது கொஞ்சம் கூடுதல். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் உருண்டேன்.

நான் போய்ச் சேருவதற்குள் சாதாரண உடையில் நாலு போலீஸ் வந்திருந்தது. தண்ணி லாரி நிற்கப் போகிறது என்று சொல்லிப் பெண்களைத் தெருவின் அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பேச்சி மட்டும் எழவில்லை. "எம் மவனுக்கு இந்த இடத்தைத்தான் சொல்லியிருக்கேன். லாரி என் மேல ஏறிட்டுப் போகட்டும்."

பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து மகாராஜா வந்தான். கையில் ஒன்றும் இல்லை. "எந்திரிம்மா! எந்திரி! பச்சப்புள்ளைக எங்க? எல்லாத்தையும் எந்திரிக்கச் சொல்லு!" தொண்டை கிழியக் கத்தினான்.

"எல்லாரும் போயாச்சு. நீ இரு" என்றாள் பேச்சி. கையைப் பிடித்து உட்காரவைத்தாள். இலையைப் போட்டாள்.

அவன் அந்த இலையைப் பார்த்தான். பக்கத்தில் அப்பாவுக்குப் படைத்த இலையைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தான். அழுதுகொண்டே சாப்பிட்டான். ஏட்டு அடுத்த மரத்தடியில் கைகட்டி நின்றார். முன்னால் வந்த போலீஸ்காரரைக் கண்ணாலேயே நிறுத்தினார். சாப்பிட்டு முடித்து, அவனே செம்புத் தண்ணீரில் கைகழுவிய பிறகுதான் பக்கத்தில் வந்தார்.

என்னைத் தாண்டிப் போகும்போது மகாராஜா நின்றான். "நெசத்தச் சொன்னீரா மாமா அன்னைக்கு?" என்று கேட்டான்.

தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் தெற்குப் பக்கம் ஆரவாரம் எழுந்தது. அம்மனுக்குக் காட்சி கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

எரிப்பதற்கு வைத்திருந்த பையைச் சுவருக்குப் பின்னால் எடுத்திருக்கிறார்கள். பை கொண்டுவந்தவனைக் கழுகுமலைப் பாதையில் பிடித்துவிட்டார்கள்; அவனும் ஐயாவைப் பார்த்ததில்லையாம். ஏட்டு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, திங்கக்கிழமை டீ குடிக்க வந்தீங்களே, அன்னைக்கே சொல்லியிருந்தா வெறும் பேச்சோட போயிருக்கும். இப்போ பையோட சேர்த்து எழுதியாச்சு. கேஸ் பெருசு."



ஆகஸ்ட் 20, புதன்

பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனோம். அம்மாவைப் பார்க்க வந்தான். நான் உள்ளே போனதும் திரும்பிப் போய்விட்டான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆசிப் ஒன்றைக் காட்டினான். குழுவுக்குப் புதுப்பேர் வைத்துவிட்டார்கள். அதே குரல். என் மருமகனைப் பற்றித்தான் பேச்சு. 'சிறையில் வாடும் நம் சிங்கம்' என்கிறான். ஒரு வாரத்துக்கு முன்னால் 'துரோகி' என்றானாம். நல்ல கணீர்க் குரல்.

சுமதி கேட்டுவிட்டு, "இவன் எங்க இருந்து பேசுதான்? பின்னால ஃபேன் சத்தம் கேக்குதே" என்றாள். யாரோ ஒருத்தன், யாரோ ஒரு ஊரில், மின்விசிறிக்குக் கீழே சொகுசாக.

செப்டம்பர் 23

வேலையில் மனசு ஓடவில்லை. ஒரு கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தார்கள். "மணமக்கள் வாழ்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏமாந்துபோனார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

பேச்சி திங்கட்கிழமை தோறும் தென்காசி கலெக்டர் ஆபீஸுக்குப் பட்டா மனுக் கொடுக்கப் போகிறாள் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். சுமதியும் கூடப் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லையாம், ஊருக்கெல்லாம் மைக் போட்டுவிடுவேன் என்று.

அக்டோபர் 29, புதன்

பட்டா மாறிவிட்டது. மாப்பிள்ளை பேர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் பேச்சித்தாய், மகாராஜா என்று கம்ப்யூட்டரே சொல்லுகிறது. பேச்சி அதை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தாள். "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, உங்களுக்குத்தான் சொல்ல வரும்" என்றாள்.

இன்று அவன் திரும்பிப் போகவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். மெலிந்திருக்கிறான்.

"காடு நம்ம பேருக்கு வந்துட்டு மக்கா" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "மாமா சொல்லுதது நெசமாம்மா?"

"நெசம்தாம்லே."

கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "நாங்க எரிக்க வந்ததாலயா?"

"ஏன்? நான் திங்கக்கிழமை திங்கக்கிழமை நடந்ததால."

"அப்பாவும் நடந்தாரேம்மா."

பேச்சி என்னைப் பார்த்தாள். அவனும் இப்போது என்னைப் பார்த்தான். இலங்கை வரைக்கும் கேட்கிற தொண்டை. இருபது வருஷமாக எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருந்தவன். 'தெரியலலே' என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், அவனுக்குக் கேட்டிருக்கும்.

நேரம் முடிந்தது என்றார்கள். போகத் திரும்பியவன் ஒருதடவை நின்றான்.

"காட்டுல என்ன விதைச்சிருக்கு மாமா?"

என்னிடம்தான் கேட்டான். "உளுந்து" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான். அம்மாவிடம் திருப்பிக் கேட்கவில்லை.